மூன்று பெட்டிகளின் போட்டி

வீட்டுக்கு ஒரு தையல் யந்திரம் வாங்குவதென்றாலும் சரி, ஒரு ரேடியோப் பெட்டி வாங்குவதென்றாலும் சரி, நம் குடும்பங்களில் அது லேசில் முடிகிற காரியமன்று. மாமா ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்வார். அடுத்த வீட்டுக்காரர், அந்தக் கம்பெனியைத் தவிர வேறு எதை வாங்கினாலும் பாதகமில்லை என்பார். பாட்டி, "இருக்கிறது போதாதா?" என்று கேட்பாள். எல்லாரையும் சமாதானம் செய்து ஒன்றை வாங்கி வந்த பிறகு, வாங்காமல் விட்ட பெட்டிதான் உயர்ந்தது என்று வீட்டில் ஒருவருக்காவது தோன்றாமல் இராது.

1982-ஆம் வருஷம் தொடங்கி நாலைந்து வருஷ காலம் பிரிட்டனில் லட்சக்கணக்கான வீடுகளில் இந்த விவாதம் நடந்தது. வாங்க வேண்டிய பொருள் வீட்டுக் கம்ப்யூட்டர். தகப்பனார் விலையைப் பார்த்தார். தாயார் பிள்ளையின் படிப்பைப் பார்த்தாள். பிள்ளையோ விளையாட்டைப் பார்த்தான். மூவருக்கும் மூன்று வெவ்வேறு பெட்டிகள் பிடித்திருந்தன. ஸின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், பி.பி.ஸி. மைக்ரோ, காமடோர் 64 என்பவை அவற்றின் பெயர்கள்.

இன்று அவை மூன்றும் பொருட்காட்சிச் சாலைகளிலும், பழம் பொருள் சேர்ப்போரின் அலமாரிகளிலுமே இருக்கின்றன. ஆயினும் அவற்றின் குண தோஷங்களை நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது வீண் வேலையல்லவென்று நாம் கருதுகிறோம். குழந்தைகளுக்காக ஏதாவதொரு மின்சாரப் பெட்டியை வாங்கும் கவலை இன்று நம் வீடுகளிலும் வந்துவிட்டது. அந்தக் குடும்பங்கள் எழுதிய பரீட்சைக்கோ மார்க்கு வெளியாகி விட்டது. எந்தப் பெட்டி எப்படிப்பட்ட பிள்ளைகளை உண்டாக்கிற்று என்பதை நாம் இப்போது சாவகாசமாகப் பார்க்கலாம்.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

முதலில் இந்த யந்திரங்கள் எப்படியிருந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும். பார்வைக்கு அது வெறும் விசைப்பலகைதான். சித்திரம் காட்டுவதற்கு வீட்டிலிருந்த டெலிவிஷன் பெட்டியையே அதனுடன் இணைக்க வேண்டும். எழுதியதைச் சேமித்து வைப்பதற்குப் பாட்டுக் கேட்கும் காஸெட் நாடா. மின்சாரத்தை நிறுத்தினால், நாடாவில் பதிவு செய்யாததெல்லாம் மறைந்துவிடும்.

விசையைத் தட்டி மின்சாரம் கொடுத்ததும் ஓரிரு வினாடிகளில் திரை தயாராகி, மேற்கொண்டு என்ன செய்வதென்று கேட்பது போல் நிற்கும். அதில் பத்திரிகை கிடையாது, சினிமா கிடையாது, கடிதப் போக்குவரத்தும் கிடையாது. பேஸிக் என்ற எளிய பாஷையில் நாம் ஏதாவது கட்டளை எழுதினாலொழிய அது ஒன்றுமே செய்யாது. புதுச் சிலேட்டை வாங்கிக் கொடுத்து, "எழுது" என்று குழந்தையை உட்கார வைப்பது போன்ற காரியம் அது. சிலேட்டை எடுத்த குழந்தை கிறுக்கியாவது பார்க்கும் அல்லவா? அப்படித்தான் கடைக்குள் நுழைந்த பையன்கள், காட்சிக்கு வைத்திருந்த யந்திரத்தில் இரண்டு வரி புரோகிராம் எழுதித் தங்கள் பெயர் திரை முழுவதும் ஓயாமல் ஓடும்படி செய்துவிட்டு, கடைக்காரர் வருவதற்குள் நழுவினார்கள்.

மூன்று பெட்டிகளுக்கும் இந்த அடிப்படை பொதுவானது. இனி ஒவ்வொன்றின் தனிப் பெருமையையும் தனிக் குறையையும் பார்ப்போம்.

ரப்பர் விசை ஸ்பெக்ட்ரம்

ஸர் கிளைவ் ஸின்க்ளேர் என்பவருக்கு எதையும் சிறிதாகவும் மலிவாகவும் செய்ய வேண்டும் என்பதில் அலாதிப் பிரியம். அவருடைய கம்பெனி 1981-இல் வெளியிட்ட இஸட்.எக்ஸ். 81 என்ற யந்திரத்தின் விலை 70 பவுனுக்கும் ஐந்து காசு குறைவு. தனித்தனி உறுப்புக்களாக வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துக் கொள்பவர்களுக்கு 50 பவுனுக்கும் ஐந்து காசு குறைவு! அதன் ஞாபகசக்தி வெறும் 1 கே. அதாவது 1,024 எழுத்துக்கள் கொள்ளும் இடம். நீளமான ஒரு கடிதத்துக்கே அது போதாது.

அதன் தம்பியாக 1982 ஏப்ரலில் பிறந்தது ஸ்பெக்ட்ரம். 16 கே ஞாபகமுள்ளது 125 பவுன். 48 கே உள்ளது 175 பவுன். அக்காலத்தில் பிரிட்டிஷ் தொழிலாளி ஒருவரின் வாரச் சம்பளத்தை ஒட்டிய விலை அது. கம்ப்யூட்டர் என்பது பெரிய ஸ்தாபனங்களின் சொத்து என்று எண்ணியிருந்த ஜனங்களுக்கு இந்த விலையே ஓர் அதிசயமாயிருந்தது.

இவ்வளவு மலிவு எப்படிச் சாத்தியமாயிற்று? பல உறுப்புக்கள் செய்ய வேண்டிய வேலைகளைத் திரட்டி ஒரே சில்லுக்குள் அடக்கினார்கள். தட்டச்சு யந்திரத்தைப் போன்ற விசைகளுக்குப் பதிலாக நாற்பது ரப்பர் விசைகளை வைத்தார்கள். அவற்றைத் தொட்டால் இறந்த சதையைத் தொட்டாற் போலிருக்கிறது என்று பரிகாசம் செய்தவர்கள் உண்டு. ஒவ்வொரு விசையிலும் ஐந்தாறு சொற்களும் குறிகளும் அச்சிட்டிருக்கும். 'பி' என்ற விசையை ஒரு தரம் அழுத்தினால் 'பிரிண்ட்' என்ற கட்டளை முழுவதும் திரையில் வந்து நிற்கும். தட்டச்சுப் பழகியவருக்கு இது தலைவேதனை. எழுத்துக் கூட்டத் தெரியாத ஒன்பது வயதுப் பையனுக்கு வரப்பிரசாதம்.

வர்ணம் காட்டும் முறையிலும் இதே சிக்கனந்தான். புள்ளி வைத்துக் கோலம் போடும் நம் பெண்மணிகளுக்கு இது உடனே விளங்கும். திரை முழுவதையும் எட்டுப் புள்ளிக்கு எட்டுப் புள்ளி என்று சிறு கட்டங்களாகப் பிரித்துக் கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இரண்டே வர்ணப் பொடிகள்தான் தூவலாம் என்று விதித்தால் எப்படியிருக்கும்? பச்சை மரத்தின் முன்னால் சிவப்புக் கிளி ஒன்று பறந்தால், ஒன்று கிளி பச்சையாகும். அல்லது மரத்தின் ஒரு துண்டு சிவப்பாகும். ஸ்பெக்ட்ரத்தில் இது தினசரி நடந்த கூத்து. சப்தமோ, ஒரு சமயத்தில் ஒரே ஸ்வரம். சுவர்க்கோழியின் ரீங்காரத்தைவிடச் சற்று மேல் என்று சொல்லலாம்.

ஆனால் அந்தச் சிக்கனத்தால் கிடைத்த லாபத்தையும் பார்க்க வேண்டும். இப்படிக் கட்டம் கட்டியதனால் திரைச் சித்திரம் முழுவதற்கும் 6,912 எழுத்துக்களின் இடமே செலவாயிற்று. 48 கேயில் பெரும் பகுதி புரோகிராம் எழுதுகிறவனுக்கு மிஞ்சியது. மேலும் எந்தச் சாதாரண காஸெட் பெட்டியையும் இதனுடன் இணைக்கலாம்; வேறு உபகரணம் வாங்க வேண்டியதில்லை. மாத்யூ ஸ்மித் என்ற வாலிபர் 1983-இல் இந்தப் பெட்டிக்காக 'மானிக் மைனர்' என்ற விளையாட்டை எழுதியபோது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை. படுக்கை அறையில் உட்கார்ந்து எழுதிய புரோகிராமைக் காஸெட்டில் பதிவு செய்து விற்றுப் பணம் சம்பாதிக்கலாம் என்பதை இப்படிப்பட்ட பிள்ளைகள் தேசத்துக்குக் காட்டினார்கள்.

பள்ளிக்கூடம் தேர்ந்த பெட்டி

பி.பி.ஸி. என்றால் ரேடியோ ஒலிபரப்பும் ஸ்தாபனம் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். அந்த ஸ்தாபனம், கம்ப்யூட்டர் என்பது இன்னதென்று ஜனங்களுக்குக் கற்பிக்க டெலிவிஷன் பாடங்கள் நடத்தத் தீர்மானித்தது. பாடம் கேட்பவர் வீட்டில் செய்து பார்க்க ஒரு யந்திரம் வேண்டுமல்லவா? தன் பெயரிலேயே ஒன்று வெளியிட முடிவு செய்து, இன்னின்ன அம்சங்கள் இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டது.

ஸின்க்ளேர் கம்பெனி இந்த ஒப்பந்தத்தைப் பெற மிகவும் முயன்றது. ஆனால் கேம்பிரிட்ஜ் நகரத்தில் அதற்கு அண்டையிலிருந்த ஏகார்ன் கம்பெனிக்கே அது கிடைத்தது. பி.பி.ஸி. அதிகாரிகள் பார்வையிட வருவதற்கு ஒரு வாரமே இருந்தது. காகிதத்திலிருந்த யந்திரம் மேஜைமேல் ஓட வேண்டும். ஏகார்ன் முதலாளிகளில் ஒருவரான ஹெர்மன் ஹௌஸர், ஸோபி வில்ஸனிடம் போய், "முடியும் என்று ஸ்டீவ் பர்பர் சொல்லிவிட்டார்" என்றும், பர்பரிடம் போய், "முடியும் என்று வில்ஸன் சொல்லிவிட்டார்" என்றும் சொல்லி இருவரையும் சம்மதிக்க வைத்தாராம். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்து வைக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்தபோது யந்திரம் ஓடிக் கொண்டிருந்தது!

1981-இன் இறுதியில் வெளிவந்த இந்த யந்திரத்தின் உறுதியைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் கிடையாது. முழு அளவு விசைப்பலகை, வேகமான சில்லு, அச்சு யந்திரம், வட்டுப் பெட்டி, வேறு கம்ப்யூட்டர்கள், பிள்ளைகள் தாங்களே செய்த மின்சார விளையாட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் இணைக்க வாசல்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஸோபி வில்ஸன் எழுதிய பேஸிக் பாஷை. மற்ற பெட்டிகளின் பேஸிக்கில் எழுதிய நீண்ட புரோகிராம், இங்கே போ, அங்கே போ என்று நூற்கண்டு சிக்கியது போலாகிவிடும். இதிலோ ஒவ்வொரு வேலையையும் தனியாகப் பிரித்து, பெயரிட்டு, வேண்டும்போது பெயர் சொல்லி அழைக்கலாம். ஒழுங்காகச் சிந்திக்கப் பழக்கும் பாஷை என்று ஆசிரியர்கள் மெச்சியது காரணமில்லாமல் அன்று.

பிரிட்டிஷ் சர்க்கார், பள்ளிக்கூடம் கம்ப்யூட்டர் வாங்கினால் பாதிச் செலவைத் தான் ஏற்பதாக அறிவித்தது. அதற்கென அங்கீகரித்த யந்திரங்களில் இது ஒன்றாகையால், அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றில் இதுவே குடியேறியது.

குறை என்ன? முதற் குறை விலை. பி மாடலுக்கு 335 பவுன் என்று அறிவித்து, சில மாதங்களில் 399 பவுனாக உயர்த்திவிட்டார்கள். ஸ்பெக்ட்ரத்தைப் போல் இரு மடங்குக்கு மேல்! இரண்டாவது குறை ஞாபக இடம். பெரிய மாடலிலேயே 32 கேதான். அதன் அழகான வர்ணத் திரைகளோ 20 கேயை விழுங்கிவிடும். மாளிகை போன்ற வீட்டைக் கட்டி, அதில் முக்கால் பாகத்தைக் கூடமாக விட்டுவிட்டு, குடும்பம் முழுவதும் ஓர் உள்ளில் படுத்துறங்குவது போன்ற சங்கடம் இது.

இந்தச் சங்கடத்தையும் வென்றார்கள். கேம்பிரிட்ஜ் கல்லூரி மாணவர்களான டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இருவர் 1984-இல் 'எலைட்' என்ற விளையாட்டை இந்தப் பெட்டிக்காக எழுதினார்கள். ஆகாய மண்டலத்தில் கிரகத்துக்குக் கிரகம் வியாபாரம் செய்து திரிய வேண்டும். எட்டு மண்டலங்கள், மண்டலத்துக்கு 256 கிரகங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் செல்வத்தையும் அரசாங்க முறையையும் எழுதி வைக்க இடமேது? ஆகையால் எழுதியே வைக்கவில்லை. ஒரு சிறு எண்ணை விதையாக வைத்துக் கொண்டு, குறித்த கணக்கின்படி அதைப் பெருக்கி, கிரகம் வேண்டும்போதெல்லாம் கணத்தில் உண்டாக்கினார்கள். விதை ஒன்றே ஆகையால், எத்தனை தரம் போனாலும் அதே கிரகம் அதே பெயருடன் இருக்கும்.

பாடும் பெட்டி

மூன்றாவது பெட்டி அமெரிக்கக் கம்பெனியுடையது. காமடோர் கம்பெனியை ஸ்தாபித்த ஜாக் டிரமியல் போலந்தில் பிறந்து, ஹிட்லரின் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பி, அமெரிக்காவுக்குச் சென்று தட்டச்சு யந்திரம் பழுது பார்க்கும் தொழிலில் வாழ்க்கையைத் தொடங்கியவர். வியாபாரத்தை யுத்தமாகவே அவர் நடத்தினார். காமடோர் 64 1982-இல் 595 டாலருக்கு வந்தது. அடுத்த வருஷமே சுமார் 200 டாலருக்கு இறங்கிவிட்டது. அந்த விலைப் போரில் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் போன்ற பிரும்மாண்டமான கம்பெனிகூட 1983 அக்டோபரில் வீட்டுக் கம்ப்யூட்டர் வியாபாரமே வேண்டாமென்று விலகிக் கொண்டது.

டிரமியலின் பலத்துக்குக் காரணம் ஒன்றுண்டு. சில்லுகளைச் செய்யும் தொழிற்சாலையையே அவர் 1976-இல் வாங்கிவிட்டிருந்தார். பருத்தி பயிரிடுகிறவனும் நூல் நூற்பவனும் துணி நெய்பவனும் ஒருவனாயிருந்தால், விலையில் அவனோடு யார் போட்டி போட முடியும்?

யந்திரமும் சாமான்யமானதல்ல. ஞாபகசக்தி 64 கே. நம் ஊர்த் தோற்பாவைக் கூத்தில், பின்னால் திரை அசையாமலிருக்க, பாவைகள் மட்டும் முன்னால் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போல் எட்டு உருவங்கள் பின்னணிச் சித்திரத்தைக் கலைக்காமல் தம்பாட்டில் திரைமேல் நடமாட, இந்தப் பெட்டியின் சித்திரச் சில்லு வசதி செய்தது. ஸ்பெக்ட்ரத்தின் கிளிக்கு நேர்ந்த கதி இங்கே எளிதில் நேராது. பாப் யேன்னஸ் என்ற இளைஞர் அமைத்த சப்தச் சில்லோ மூன்று குரல்களில் பாடும். சங்கீத வாத்தியங்கள் செய்வதில் ஆசையுள்ளவர் அதை வகுத்தபடியால், குரலின் கனத்தையும் இழைவையும் நுட்பமாக மாற்ற முடிந்தது. அந்தச் சில்லுக்காகவே இன்றளவும் இந்தப் பழம் பெட்டிகளைத் தேடி வாங்குகிற இசைப் பிரியர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு வித்தைகளையும் உள்ளே வைத்தவர்கள், அவற்றைத் திறக்கும் சாவியைக் கொடுக்க மறந்து போனார்கள். அதன் பேஸிக், கம்பெனியின் முந்தைய யந்திரங்களுக்காக வாங்கிய பழைய பாஷை. கோடு கிழிக்க ஒரு சொல் அதில் கிடையாது. ஸ்வரம் எழுப்பவும் சொல் கிடையாது. பி.பி.ஸி. மைக்ரோவிலும் ஸ்பெக்ட்ரத்திலும் இவற்றுக்கெல்லாம் எளிய சொற்கள் உண்டு. இங்கோ, திரையின் ஓரத்து வர்ணத்தைக் கறுப்பாக்க வேண்டுமென்றால் 53280 என்ற ஞாபக அறையில் பூஜ்யத்தைப் போடு என்று எழுத வேண்டும். வாங்கியவர்கள் கையில் எண்களின் ஜாபிதாவை வைத்துக் கொண்டு தவித்தார்கள். 64 கே என்று பெயரிருந்தும், பெட்டியைப் போட்டதும் பேஸிக் எழுத 38,911 எழுத்துக்களின் இடமே உண்டு என்று திரையே ஒப்புக் கொள்ளும். காஸெட் பெட்டியும் அந்தக் கம்பெனியுடையதாகவே இருக்க வேண்டும். தனியாகப் பணம் கொடுத்து வாங்கிய வட்டுப் பெட்டியோ வினாடிக்குச் சில நூறு எழுத்துக்கள் என்று நத்தை வேகத்தில் ஊர்ந்தது.

வென்றது யார்?

இந்தப் பெட்டிகளுக்குள் ஒரு பொதுத் தோஷமும் இருந்தது. ஒன்றுக்காக எழுதிய புரோகிராம் மற்றொன்றில் ஓடாது. பெட்டியை வாங்குகிற குடும்பம், பெட்டியோடு ஒரு ஜாதியிலும் சேர்ந்துவிட்டது போலாயிற்று. அண்டை வீட்டுப் பையனிடம் வேறு பெட்டியிருந்தால் நாடாக்களை மாற்றிக் கொள்ள வழியில்லை. 1984-இல் வெளிவந்த 'இன்புட்' என்ற வாரப் பத்திரிகை ஒரே பாடத்தை நாலைந்து யந்திரங்களுக்குத் தனித்தனியாக அச்சிட வேண்டியிருந்தது. இதைவிடப் பரிதாபம், பெட்டி செய்த கம்பெனியே மூழ்கிப் போன குடும்பங்களின் நிலை. வேல்ஸ் பிரதேசத்தில் செய்யப்பட்ட டிராகன் 32 நல்ல விசைப்பலகையுள்ள கெட்டியான யந்திரந்தான். 1984-இல் கம்பெனி முறிந்தது, வாங்கியவர்கள் அநாதைகளானார்கள்.

போட்டி எவ்வளவு கடுமையாயிருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஸின்க்ளேர் யந்திரங்கள் அடிக்கடி பழுதாவதைக் குத்திக் காட்டி ஏகார்ன் கம்பெனி பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. ஏகார்னின் மற்றொரு முதலாளியான கிறிஸ் கரி முன்னாளில் ஸின்க்ளேரிடம் வேலை பார்த்தவர். 1984 டிஸம்பரில் கேம்பிரிட்ஜ் நகரத்து மதுபானக் கடை ஒன்றில் அவரைக் கண்ட ஸர் கிளைவ், கையிலிருந்த பத்திரிகையைச் சுருட்டி அவரை அடித்தே விட்டார்! பத்திரிகைகளால் எத்தனையோ உபயோகமுண்டு. இது நாம் எதிர்பாராதது.

எண்ணிக்கையைப் பார்த்தால் காமடோருக்குத்தான் வெற்றி. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் உலகெங்கும் விற்றன. ஸ்பெக்ட்ரம் சுமார் ஐம்பது லட்சம், பி.பி.ஸி. மைக்ரோ சுமார் பதினைந்து லட்சம். ஆனால் வென்றவரும் நிலைக்கவில்லை. 1985-இல் கடன் தாங்காமல் ஏகார்ன் இத்தாலிய ஒலிவெட்டி கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1986 ஏப்ரலில் ஸின்க்ளேர் தம் கம்ப்யூட்டர் வியாபாரத்தை ஆம்ஸ்டிராட் கம்பெனிக்கு 50 லட்சம் பவுனுக்கு விற்றார். 1994-இல் காமடோரும் திவாலாயிற்று.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இதை நாம் எழுதியிருக்க மாட்டோம். பி.பி.ஸி. யந்திரத்தை ஒரே வாரத்தில் ஓடச் செய்த அதே வில்ஸனும் பர்பரும், அடுத்த யந்திரத்துக்கென்று தாங்களே ஒரு புதிய சில்லை வகுத்தார்கள். 1985 ஏப்ரலில் அது முதன் முதலாக வேலை செய்தது. ஏ.ஆர்.எம். என்ற அந்தச் சில்லின் வம்சத்தில் வந்தவையே இன்று உலகத்திலுள்ள கைப்பேசிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கின்றன. ஸ்பெக்ட்ரத்திலும் காமடோரிலும் விளையாட்டு எழுதிப் பழகிய பிள்ளைகளால் பிரிட்டனில் ஒரு பெருந்தொழிலே உண்டாயிற்று.

ஒரு நஷ்டம், ஒரு பாடம்

லாபத்தைச் சொன்ன நாம் நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விளம்பரங்களில் பெரும்பாலும் பையன்களே பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டிலும் பெட்டி பையனின் அறைக்கே போயிற்று; தங்கை வாசற்படியில் நின்று பார்த்தாள். அமெரிக்காவில் 1984-ஐ ஒட்டிக் கம்ப்யூட்டர் படிப்பில் பட்டம் பெற்றவர்களில் நூற்றுக்கு 37 பேர் பெண்கள். 2010-ஐ ஒட்டி அது சுமார் 18 ஆகக் குறைந்துவிட்டது. கல்லூரிக்கு வருமுன்பே வீட்டில் கை பழகி வந்த பையன்களுக்கும், பழக வாய்ப்பில்லாத பெண்களுக்கும் ஏற்பட்ட வித்தியாசம் இதற்கு ஒரு முக்கிய காரணமென்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். இத்தனைக்கும் மூன்று பாஷைகளில் மிகச் சிறந்ததை எழுதியவர் ஸோபி வில்ஸன்!

பிறகு வந்த யந்திரங்கள் ஆயிரம் மடங்கு வல்லமையுள்ளவை. ஆனால் போட்டதும் சிலேட்டை நீட்டும் வழக்கம் போய்விட்டது. சமைத்த பண்டங்களையே அவை இலையில் பரிமாறின. 2006-ஆம் வருஷ வாக்கில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் படிக்க விண்ணப்பித்த மாணவர்களைப் பார்த்த எபன் அப்டன் முதலியோர் திகைத்தார்கள். முன்பெல்லாம் பல பாஷைகளில் புரோகிராம் எழுதிப் பழகி வந்த பிள்ளைகள் இருந்த இடத்தில், அதிகமாக ஒன்றும் செய்து பார்த்திராத பிள்ளைகள் வந்து நின்றார்கள். அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் ராஸ்பெரி பை என்ற 35 டாலர் கம்ப்யூட்டர். 2012 பிப்ரவரி 29-இல் அது வெளிவந்தது. பழைய பி.பி.ஸி. யந்திரத்தின் ஞாபகமாகவே அதன் மாடல்களுக்கு ஏ, பி என்று பெயர் வைத்தார்கள்.

நம் தேசத்துக்கும் இந்தக் கதையில் ஒரு சம்பந்தம் உண்டு. 1984-85-இல் இந்திய சர்க்கார் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் அறிவைப் பரப்ப ஒரு திட்டம் தொடங்கி, முதலில் 250 பள்ளிக்கூடங்களுக்கு பி.பி.ஸி. யந்திரங்களையே கொடுத்தது. யந்திரத்தைத் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பாஷையும் விசைப்பலகையும் இங்கிலீஷாயிருந்தன. அதைச் சுற்றிப் பாடம் சொல்லித் தந்த டெலிவிஷனும், வாரந்தோறும் புரோகிராம் அச்சிட்ட பத்திரிகைகளும் நம் பிள்ளைகளின் தாய்மொழியில் இல்லை. பிரிட்டனில் இவை யாவும் பெட்டியோடு கூடவே வீட்டுக்குள் வந்தன. பெட்டி மாத்திரம் கப்பலேறி வந்தால் போதாது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சரி, 1983-இல் பிரிட்டனில் ஒரு குடும்பஸ்தராக நாம் இருந்தால் எதை வாங்கியிருப்போம் என்று நேயர்கள் கேட்பார்கள். தீர்ப்புச் சொல்லாமல் தப்பித்துக் கொள்ள நமக்கு உத்தேசமில்லை. சங்கீதத்துக்கும் சித்திரத்துக்கும் காமடோரே சிறந்தது. ஒழுங்காகக் கற்பதற்கு பி.பி.ஸி. மைக்ரோவுக்கு இணை கிடையாது. ஆனால் அதைப் பொதுப் பணத்தில் பள்ளிக்கூடம் வாங்கிக் கொடுப்பதே நியாயம். நம் சொந்தப் பணத்தில் நாம் வாங்கியிருக்கக் கூடியது ரப்பர் விசை ஸ்பெக்ட்ரந்தான். குறைகள் மலிந்த பெட்டி. ஆயினும் அதிகமான குழந்தைகளின் கைக்கு எட்டிய விலை. அதைக் கூடத்தில் டெலிவிஷனுக்குப் பக்கத்தில் வைத்து, அண்ணனுக்கு ஒரு மணி, தங்கைக்கு ஒரு மணி என்று கடிகாரத்தைப் பார்த்து முறை வைத்திருப்போம்.

இன்று நேயர்கள் குழந்தைகளுக்காகப் பெட்டியோ பலகையோ வாங்கக் கடைக்குப் போகும்போது, விற்பவர் ஞாபகசக்தியையும் வேகத்தையும் திரையின் பளபளப்பையும் வர்ணிப்பார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் கொள்ளுங்கள். பிறகு, "என் பெண் இதில் தானாகவே ஏதாவது செய்ய முடியுமா? எங்கே, ஒரு கோடு கிழித்துக் காட்டுங்கள்!" என்று கேளுங்கள். அவர் சற்றே விழித்தாரானால் அடுத்த கடைக்குப் போகலாம்.